கோச்சி பிந்திய நோன்பு மாதம்

நம் ஊருக்குக் கோச்சி வராது. கல்முனையில் பிறந்த உங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. தண்டவாளம் மட்டக்களப்போடு முடிந்துவிடுகிறது. அதற்குத் தெற்கே நமக்கு இருப்பது பஸ்தான். கையைக் காட்டினால் நிற்கும் பஸ். "பொஞ்சாதி வாறா, கொஞ்சம் பொறுங்க" என்றால் பொறுக்கும் பஸ். உங்களில் பலர் கோச்சிக்குள் முதல் தடவை கால் வைத்தது கம்பஸ் அனுமதி கிடைத்த பிறகு. விடுதியிலிருந்து ஊருக்கு வரும்போதெல்லாம் கோச்சி பிந்தும். நீங்கள் எல்லாரும் ஏசுவீர்கள். நான் ஏசமாட்டேன். "இவளுக்கு ரயில்வேயில சொந்தக்காரங்க இரிக்காங்க போல" என்று கேலி செய்வீர்கள். அன்றைக்குச் சிரித்துச் சமாளித்துவிட்டேன். இன்றைக்குச் சொல்கிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. தம்பிக்கு நான்கு. அவன் ஓடி விளையாடமாட்டான். பத்தடி ஓடினால் குந்திவிடுவான், உதடு நாவற்பழம் தின்றதுபோல நிறம் மாறும். "சோம்பேறிப் பொடியன், மடியில வச்சே கெடுத்துட்டீங்க" என்று மாமா உம்மாவைக் குற்றம் சொல்வார். உம்மாவும் அதை நம்பி, அவனை நடக்க வைக்கவென்று வெயிலில் சந்தைவரை இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். பிறகு ஒரு டொக்டர் அவன் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். நெஞ்சில் ஓட்டை இருக்கிறது, கொழும்பில்தான் ஒப்பரேஷன் செய்யலாம் என்றார். உம்மா அன்று மாமாவோடு சண்டை பிடிக்கவில்லை. அவனைச் சந்தைக்கு இழுத்துப்போன தன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாப்பா சவளக்கடைப் பக்கம் சைக்கிளில் சாரமும் சீத்தைத் துணியும் கொண்டுபோய் விற்றவர். சைக்கிளை விற்றுவிட்டு எங்களைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு வந்தார். புறக்கோட்டையில் நம் ஊர்க்காரர் ஒருவரின் புடவைக் கடையில் வேலை கிடைத்தது. நகரத்துக்கு வெளியே, சின்ன ஸ்டேஷன் ஒன்றுக்குப் பக்கத்தில், ஒரு வீட்டின் பின்புறத்து அனெக்ஸ் கிடைத்தது. எனக்கு ஒரு தவணைப் பள்ளிக்கூடம் போயிற்று. "பொம்புளப் புள்ளதானே, ஒரு தவணை போனா என்ன" என்று மாமா சொன்னார். அந்தப் பேச்சு எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என் கைக்கு வந்த நாளில் அவருக்குத்தான் முதலில் போன் கோல் எடுத்தேன்.

அந்தத் தவணை எனக்குப் பள்ளிக்கூடம் அந்த ஸ்டேஷன்தான். ஒரே கட்டடம், ஒரே மேடை. மூன்று மொழியில் பெயர்ப்பலகை. டிக்கட் கொடுக்கும் துவாரம் பூனை நுழையும் அளவு. அதற்குள்ளிருந்து விரல் அளவு நீளமான தடித்த அட்டை டிக்கட் வரும். திகதி அமுக்கிய தடம் விரலில் தட்டுப்படும். இறங்கிப் போகிறவர்கள் போட்டுவிட்டுப் போனவற்றைப் பொறுக்கி ஒரு பால்மா டின்னில் சேர்த்தேன். மழையில் நனைந்த அட்டைக்கு ஒரு வாசம் உண்டு, புதுச் செருப்புப் பெட்டியைப் போல. அந்த டின் எங்கே போனதென்று தெரியாது. பெண்களுக்கென்று ஓர் ஓய்வறை இருந்தது. அதில் விளக்குமாறும் பெயின்ட் வாளியும் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தன.

காலையில் கொழும்புக் கோட்டைக்குப் போகும் கோச்சிகள், பின்னேரம் அங்கிருந்து திரும்பும் கோச்சிகள். நடுவில் ஸ்டேஷன் தூங்கும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரத்தில் ஒன்றுமே இல்லை. கோச்சி வரப்போகிறது என்றால் ஒழுங்கை முனையில் ரயில் கேட் மணியடித்து மூடும். வாசலில் நின்றால் எனக்கு அந்த மணி கேட்கும்.

வீட்டுக்கார ராத்தா கொழும்பிலேயே பிறந்தவர். இருக்கிறது என்பதை நாங்கள் 'இரிக்கி' என்றால் அவர் 'ஈக்கிது' என்பார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் மார்பளவு மதில். அதன் மேல் கையை ஊன்றிக்கொண்டு அந்தப் பாதையின் கதை முழுவதையும் உம்மாவுக்குச் சொல்வார்.

"முந்தி இது சின்னப் பாத, தங்கச்சி. விளையாட்டுக் கோச்சி மாதிரி ஈக்கும். எங்கட நானாமார் முன்பொட்டில எறங்கி, ஜம்புக்கா பறிச்சிட்டு, பின்பொட்டில ஏறுவாங்க."

"பொய்தானே ராத்தா?"

"வல்லாஹி! மறுகா பெரிய பாத போட்டாங்க. பேருக்குத்தான் பெருசு. வேகம் அதேதான்."

ராத்தாவின் கொல்லையில் கொடிக்கயிறு கட்டியிருந்த இரும்புத்தூண் அந்தப் பழைய சின்னத் தண்டவாளம். ஒழுங்கையில் அரைவாசி வீடுகளுக்கு அதுதான் கேட் தூண்.

பாதை பெரிதானாலும் தடம் ஒன்றுதான். போகிற கோச்சியும் வருகிற கோச்சியும் அதே தடத்தில்தான். அதனால் எதிர்க் கோச்சி ஒரு ஸ்டேஷனுக்குள் வந்து ஒதுங்கும்வரை மற்றது அங்கே காத்துக் கிடக்க வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டர் பெரிய வளையம் ஒன்றை ட்ரைவரிடம் கொடுத்த பிறகுதான் கோச்சி கிளம்பும். பின்னேரம் வாப்பாவைத் தேடி நான் மேடைக்குப் போனால், அந்த மாஸ்டர் தூரத்திலேயே கையை விரித்து, "துவ, பரக்கு!" என்பார். மகளே, பிந்துது. நான் படித்த முதல் சிங்களச் சொல் 'பரக்கு'.

அந்த நிலையில்தான் நோன்பு மாதம் வந்தது.

கொழும்புக்குக் கிளம்பும்போது உம்மா நம் பள்ளிவாசலில் கொடுத்த நோன்பு நேர அட்டையைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அனெக்ஸ் சுவரில் இருந்த ஒரே ஆணி ஜன்னல் சட்டத்துக்குக் கீழே இருந்தது. அட்டை நீளம். உம்மா அதன் தலைப்பகுதியைப் பின்னால் மடித்து மாட்டினார். பள்ளிவாசல் பெருந்தெருவுக்கு அப்பால் இருந்ததால் பாங்கு எங்களுக்குக் கேட்காது. ரேடியோ எங்களிடம் இல்லை. பின்னேரமானால் மழை, தகரக் கூரையில் பெய்தால் பக்கத்தில் இருப்பவர் பேச்சே கேட்காது. சூரியன் எப்போது விழுந்தது என்று பார்க்க வானமும் இல்லை, பலாமரமும் மாடிவீடுகளும்தான். அந்த அட்டையும் சுவர் மணிக்கூடும்தான் உம்மாவுக்கு எல்லாம்.

அந்த மாதம் உம்மா பிடித்த ஒவ்வொரு நோன்பும் தம்பிக்காக. நோன்பு திறக்கும் நேரத்துத் துஆ தட்டப்படாது என்று அவர் உறுதியாக நம்பினார். பாயை விரித்து, கஞ்சிக் கோப்பைகளை மூடி வைத்து, பேரீச்சம்பழத்தைத் தட்டில் வைத்துவிட்டு என்னை வாசலுக்கு அனுப்புவார். "வாப்பாட கோச்சி வருதா பாரு மகள். எல்லாரும் சேந்து கையேந்தினாத்தான்." வாப்பா வருவார், நனைந்த சட்டையோடு. கைகால் கழுவிக்கொண்டு குந்துவார். உம்மா துஆ ஓதும்போது தம்பியின் பெயரைச் சொல்லும் இடத்தில் குரல் உடையும். நாங்கள் ஆமீன் சொல்வோம். அதன் பிறகுதான் உம்மாவின் வாயில் பழம் போகும்.

"இந்த விளங்காத கோச்சியால உனக்கும் பசி" என்பார் வாப்பா.

"பசி கிடக்கட்டும்" என்பார் உம்மா.

ஒப்பரேஷனுக்கு நாள் கிடைத்தது, பெருநாளுக்குக் கொஞ்சம் முன்னால். எத்தனையோ பிள்ளைகள் வரிசையில் நின்ற ஆஸ்பத்திரி அது. இந்த நாளை விட்டால் அடுத்தது எப்போதென்று சொல்ல முடியாது என்று அங்கே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். அதற்கு முதல் நாள் காலையில் தம்பியை வார்டில் சேர்க்க வேண்டும். வாப்பாவும் உம்மாவும் வந்து கையொப்பம் வைக்க வேண்டும்.

வார்டுக்குப் போவதற்கு முந்திய நாள், அஸர் தொழுகைக்குப் பிறகு ராத்தா மதிலைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தார். ஆஸ்பத்திரி நாட்களில் என்னைத் தன்னோடு வைத்துக்கொள்வதாகச் சொல்ல வந்தவர், பேச்சோடு பேச்சாகச் சுவரில் இருந்த அட்டையைப் பார்த்தார். கிட்டப் போனார்.

"தங்கச்சி, இது எந்த ஊர் டைம்? இண்டைக்கு மஹ்ரிப் இவ்வளவு வெள்ளனயா? எங்கட ரேடியோல இதுக்குப் பொறகுதானே பாங்கு செல்ற."

அட்டையைக் கழற்றி, மடித்திருந்த தலைப்பை விரித்தார். அம்பாறை மாவட்டம் என்று போட்டிருந்தது.

உம்மாவுக்கு விளங்கவில்லை. "ஒரே நாடுதானே ராத்தா? மணிக்கூடும் ஒண்டுதானே?"

"மணிக்கூடு ஒண்டுதான். ஒங்கட பக்கம் சூரியன் முந்தி விழுந்திடும். இங்க சுணங்கும். அதுக்குத்தானே ஊருக்கு ஊர் வேற வேற அட்ட."

ராத்தா அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். உம்மா சுவரோடு சாய்ந்து அப்படியே இருந்துவிட்டார்.

"அப்ப நான் பொழுதுபட முந்தியே நோம்ப முறிச்சிரிக்கன். எல்லா நாளும்."

"விடிய முந்தின சஹர் சாப்பாட்டுப் பக்கம் பிழை இல்ல தங்கச்சி. முந்தி நிப்பாட்டினா நல்லம்தான்" என்று ராத்தா சமாளிக்கப் பார்த்தார்.

"எண்ட புள்ளைக்குக் கேட்ட துஆ எல்லாம் என்ன ராத்தா ஆகும்?"

உம்மா அழவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கட்டி வைத்திருந்த பையை எடுத்து, தம்பியின் உடுப்புகளை ஒவ்வொன்றாக வெளியில் எடுத்து வைத்தார். "எல்லா நோம்பையும் திருப்பிப் பிடிச்சிட்டுத்தான் புள்ளையக் குடுப்பன். இப்ப குடுக்கமாட்டன்." ராத்தா எவ்வளவோ சொன்னார். உம்மா காதில் வாங்கவில்லை. தம்பி, பையிலிருந்து வெளியே வந்த தன் சிவப்புச் சட்டையை அடம்பிடித்துப் போட்டுக்கொண்டான்.

அன்றும் கோச்சி பரக்கு. வாப்பா வந்து சேர்ந்தபோது பாயும் இல்லை, கோப்பையும் இல்லை. ராத்தா தன் ரேடியோவை எங்கள் வாசலில் கொண்டுவந்து வைத்துப் பாங்கைக் கேட்கச் செய்ய, உம்மா ஒரு மிடறு தண்ணீரோடு நோன்பு திறந்திருந்தார். அவ்வளவுதான்.

"என்ன புள்ள இது? வெடியக் காலம வார்டுக்குப் போகோணும்."

"போகல்ல."

நடந்ததை ராத்தா சொன்னார். வாப்பா நாடியைத் தடவிக்கொண்டு நின்றார். அவர் அதிகம் படித்தவர் அல்ல. மார்க்க விஷயத்தில் உம்மாவை எதிர்த்துப் பேசத் துணிச்சல் இல்லாதவர். "நாளைக் கேட்டு வாங்க எவ்வளவு அலைஞ்ச... விட்டா வராது புள்ள" என்றார். குரல் கெஞ்சியது.

"நோம்பு இல்லாத துஆவோட எண்ட புள்ளைட நெஞ்சக் கிழிக்கச் சொல்றீங்களா?"

மழை விட்டிருந்தது. நான் வாப்பாவின் ஈரச் சட்டையை வாங்கிக் கொடியில் போடப் போனேன். பையில் வழக்கம்போலப் பேரீச்சங்கொட்டை கிடந்தது. ஒவ்வொரு நாளும் அதை எடுத்து வீசுவது என் வேலை. அப்போதுதான் எனக்கு அது தட்டியது.

"உம்மா, வாப்பா நோம்பு திறந்துட்டுத்தானே வாறவரு."

"என்ன?"

"கோச்சிக்குள்ளயே திறந்துட்டுத்தானே வருவாரு. இந்தா கொட்டை. நீங்க வாப்பா வந்த பொறகுதானே திறப்பீங்க?"

ராத்தாதான் முதலில் விளங்கிக்கொண்டார். வாப்பாவின் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க கோச்சிக்குள்ள எந்த டைமுக்குத் தொறக்கிற?"

"எனக்கென்ன தெரியும் ராத்தா? பொட்டிக்குள்ள நம்மட ஆக்கள் அஞ்சாறு பேர் வாறாங்க. அதுல மாளிகாவத்தை ஆள் ஒரு காக்கா சின்ன ரேடியோ வச்சிரிக்காரு. பாங்கு சொன்னதும் எல்லாருக்கும் ஈச்சம்பழம் குடுப்பாரு. அதோட திறந்துடுவன். மறுகா எத்தினையோ ஸ்டேஷன் தாண்டித்தானே வரோணும்."

"அப்ப அது கொழும்பு டைம்!" ராத்தா கையைத் தட்டினார். "புருசன் தொறந்து, கோச்சி வந்து, வீட்டுக்கு நடந்து வந்த பொறகுதானே பொஞ்சாதி தொறந்தீக்கிறா!"

உம்மா உடனே நம்பிவிடவில்லை. தம்பியின் உடுப்பு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு குறுக்கு விசாரணை செய்தார். அவருக்கு ஒரு நாளும் தப்பக்கூடாது.

"ஞாயிற்றுக்கிழமை? கோச்சி இல்லையே."

"பெருநாள் யாவாரம், கடை பூட்டல்லயே புள்ள. பஸ்ஸில வந்தன். அது கோச்சியையும் விட மோசம். கடையில திறந்துட்டுத்தான் பஸ் ஏறினன்."

"போயா லீவு அண்டைக்கு? கடை பூட்டு."

"அண்டைக்கு நாம ஆஸ்பத்திரியில உம்மா" என்றேன் நான். "தம்பிக்கு ரத்தம் எடுத்த நாள். தெமட்டகொடையில இருந்து வந்த உம்மா ஒராள் போன்ல பாங்கு கேட்டு உங்களுக்குப் பழம் தந்தா. நீங்க அவக்கு நம்மட சமோசா குடுத்தீங்க."

"ஓம்" என்றார் உம்மா மெதுவாக. "உப்புக் கூடின சமோசா."

பிறகு அவர் முகம் மறுபடியும் கறுத்தது. "முதல் நோம்பு?"

முதல் நோன்பன்று வாப்பா வேலைக்குப் போகவில்லை. வீட்டில் இருந்தார். எல்லாரும் அட்டையைப் பார்த்துத்தான் திறந்தோம்.

"அது பிழைச்சிட்டு" என்றார் வாப்பா. "உனக்கும் எனக்கும்."

நம் ஊர்ப் பள்ளிவாசல் மௌலவிக்கு வாப்பா கோல் எடுத்தார். எல்லாருக்கும் கேட்கும்படி போனைப் பாய்க்கு நடுவில் வைத்தார். மௌலவி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். சூரியன் விழுந்த பிறகு திறந்த நோன்புகளில் ஒரு குறையும் இல்லை, முந்தித் திறந்த அந்த ஒன்றை மட்டும் இருவரும் பெருநாளுக்குப் பிறகு பிடித்துவிடுங்கள் என்றார். "தெரியாமச் செஞ்ச பிழைக்கு அல்லாஹ் துஆவத் தட்டிவிடுவானா? நாளைக்குப் புள்ளையக் கொண்டு போங்க" என்றார். கடைசியில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "அந்தக் கோச்சிக்கு எண்ட சலாத்தையும் சொல்லுங்க."

உம்மா சிரித்ததைக் கொழும்புக்கு வந்த பிறகு அன்றுதான் கண்டேன். சிரித்துக்கொண்டே அழுதார். ராத்தா, "புருசன் வராம வாயத் தொறக்க மாட்டீங்களோ, புதுப் பொண்ணு மாதிரி? வேற பொம்பளையாருந்தா ஒரு மாச நோம்பும் போயீக்கும்!" என்று முதுகில் தட்டினார். உம்மா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். பிறகு தம்பியின் உடுப்புகளை மறுபடியும் பையில் வைத்தார். சிவப்புச் சட்டையை மட்டும் அவன் கழற்றத் தரவில்லை. அதோடுதான் வார்டுக்குப் போனான்.

ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. டொக்டர் வெளியில் வந்து சிங்களத்தில் இரண்டு வசனம் சொன்னார். எங்களுக்கு 'ஹொந்தாய்', நல்லம் என்பது மட்டும் விளங்கியது. அது போதுமாயிருந்தது. இன்று தம்பி நிந்தவூர் கிரிக்கெட் அணிக்கு எதிராகப் பந்து போடுகிறான், முழுப் பின்னேரமும். ஓடி வந்து போடும் அந்தத் தூரத்தை உம்மா பார்க்கப் போகமாட்டார். அவருக்கு இன்னும் நெஞ்சு படபடக்கும்.

சூரியன் ஏன் நமக்கு முந்தி விழுகிறது என்பது பத்தாம் வகுப்பில், ரீச்சர் மேசையில் பூமி உருண்டையைச் சுழற்றிக் காட்டியபோதுதான் எனக்குச் சரியாக விளங்கியது. வீட்டுக்கு ஓடிவந்து தோடம்பழத்தையும் டோர்ச்சையும் வைத்து உம்மாவுக்குக் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இதப் படிச்சிருந்தா நான் அண்டைக்கு அந்தப் பையை அவிழ்த்திரிக்க மாட்டன்" என்றார். "நீ படி."

விட்டுப்போன அந்த ஒரு நோன்பை அவர்கள் இருவரும் பெருநாளுக்குப் பிறகு, தம்பி வீட்டுக்கு வந்த வாரத்தில், ஒரே நாளில் பிடித்தார்கள். சுவரில் அப்போது ராத்தா கொடுத்த கொழும்பு அட்டை, தலைப்பு மடியாமல் மாட்டியிருந்தது. தம்பி நெஞ்சுக் கட்டோடு படுக்கையில் கிடந்தான். உதடு எங்கள் எல்லாருடையதையும் போல இருந்தது. உம்மா பாயை விரித்துப் பழத்தைத் தட்டில் வைத்தார். மதிலுக்கு அப்பால் ரேடியோவில் பாங்கு சொன்னது.

"தங்கச்சி, டைம் சரி!" ராத்தா கத்தினார். "இது கொழும்பு டைம்தான், பயப்படாமத் தொறங்க!"

"கேட்டுது ராத்தா."

"நேரம் வந்தா சுணக்கக்கூடாது தங்கச்சி. கெதியாத் தொறக்கிறதுதான் சுன்னத்து."

"தெரியும் ராத்தா" என்றார் உம்மா. தண்ணீரை ஒரு மிடறு குடித்தார். பழத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டு, கைகளை மடியில் ஏந்தியபடி வாசலைப் பார்த்தார்.

"கோச்சி வரட்டும்."